பந்தா இல்லாத ஊர் எது?

அன்புள்ள ஐயா,

வங்கி வேலையில் லக்னோ, நாக்பூர், கொச்சி என்று சுற்றிவிட்டு இப்போது பாலக்கோட்டில் இருக்கிறேன். இங்குள்ளவர்களைப் போலப் பந்தா இல்லாத ஜனங்களை நான் எங்கும் கண்டதில்லை. முதல் பேச்சே ‘சாப்பிட்டீங்களா சார்?’ என்பதுதான். நாட்டில் எந்தப் பகுதிக்காரர்கள் யதார்த்தமானவர்கள் என்று பார்த்தால், உங்கள் தருமபுரிக்கு முதலிடம் கொடுப்பீர்களா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

சொந்த ஊரைப் புகழ்ந்தால் கசக்குமா? ஆனாலும் முதலிடம் தரமாட்டேன். நீங்கள் கடன் கொடுக்கிற நாற்காலியில் இருக்கிறீர்கள். அதற்கு எதிரே உட்கார்ந்து பந்தா காட்ட லக்னோவிலும் ஆள் கிடைக்காது.

ஒருநாள் விடியற்காலையில் உங்கள் ஊர் தக்காளி மண்டிக்குப் போய் நில்லுங்கள். தக்காளிப் பெட்டி இறங்கியதும் வியாபாரி மேல்வரிசையைப் பார்க்கவே மாட்டார். நேரே அடியில் கைவிட்டு நாலு பழத்தை எடுப்பார். விவசாயியும் லேசுப்பட்டவர் அல்ல, எந்தப் பழத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். விலை படுத்துவிட்ட நாளில் அதே விவசாயி, ‘மாட்டுக்குத்தான் கொட்டப்போறேன், எடுத்துக்குங்க’ என்று பை நிறைய அள்ளிப் போடுவார். கிலோ நூறு ரூபாயைத் தாண்டும்போது கொசுறுக்கு ஒன்று கேட்டுப் பாருங்களேன். இரண்டு நாளும் அவர் யதார்த்தமாகத்தான் இருக்கிறார்.

பகட்டு குறைவு என்பது உண்மைதான். வானம் பார்த்த பூமி. ராகி, சாமை போட்ட மண். மழை பொய்த்தால் நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே பஸ்ஸில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான். பகட்டுக்கு எங்கே போவது? (ஓசூர்ப் பக்கம் இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது. நிலத்தின் விலை அப்படி.)

ஆனால் ‘சாப்பிட்டீங்களா’ என்பது எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படுவதில்லை. 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தைச் சாக்கிட்டு நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தியதும் இதே மாவட்டத்தில்தான். பட்டியல் போடுகிறவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

அப்புறம், எளிமையைப் பார்த்துவிட்டு அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊரைச் சூறையாடி, 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். அந்த ஜனங்கள் விடவில்லை. 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நீங்கள் சொல்கிற அதே பந்தா இல்லாத ஜனங்கள்தான்.

ஆகவே, கடன் மனுவை நிராகரித்தால் ‘ஏன் சார்?’ என்று கேட்பார்கள். அப்போதும் இந்தக் கடிதத்தை மாற்றி எழுதிவிடாதீர்கள்.