ஏசி போட்டால் 26, அணைத்தால் 30: ரீஃப் டேங்க்குக்குச் சில்லர் வாங்கலாமா?

கேள்வி: சென்னை பெரம்பூரில் மொட்டை மாடிக்குக் கீழ்த்தளத்தில் எங்கள் வீடு. ஹாலில் 200 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்சம் ஜோவாந்திட் (பவளத்தின் உறவு), மஷ்ரூம் பவளம். ஏசி ஹாலில்தான் என்பதால் கோடையில் எல்லோரும் அங்கேயே படுப்போம். காலையில் அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். காலையில் 26 டிகிரி காட்டும் தண்ணீர், மாலையில் 30-ஐத் தாண்டுகிறது. மஷ்ரூம் சுருங்கியே கிடக்கிறது. கடைக்காரர் கால் ஹெச்பி சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) போடச் சொல்கிறார், நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும். ஆன்லைனில் ஆறாயிரத்துக்கே மினி சில்லர் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். முதலில் ஒரு ஹீட்டர் வாங்குங்கள்.

சென்னை மே மாதத்தில் ஹீட்டரா என்று கேட்பீர்கள். உங்கள் தொட்டியின் பிரச்சினை 30 டிகிரி மட்டும் அல்ல, தினமும் 4 டிகிரி ஏறி இறங்குவதும்தான். அதில் பாதியை உண்டாக்குவது இரவு நேர ஏசி. ஒரு நாளில் ஒரு டிகிரி ஏறி இறங்கினால் பெரும்பாலான பவளங்கள் பொருட்படுத்தாது. நான்கு டிகிரி என்பது வேறு கதை. இரவில் தண்ணீர் 27-க்குக் கீழே போகாமல் பிடித்துவிட்டால், பெரிய செலவில்லாமல் ஒரு டிகிரி ஊசலாட்டம் குறைந்துவிடும். ஏசியை 22-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்ளும் வீடாக இருந்தால், அதை 26-க்கு ஏற்றுவது இன்னும் நல்லது. மின்கட்டணமும் குறையும்.

எத்தனை வாட் ஹீட்டர்? 200 லிட்டர் கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.23 யூனிட் மின்சாரம் வேண்டும். இரவு 9 மணி நேரத்தில் 4 டிகிரி இறங்குகிறது என்றால், தண்ணீர் சராசரியாக 100 வாட் கணக்கில் வெப்பத்தை இழக்கிறது. ஆக 100 வாட் தாராளம். 300 வாட் வாங்காதீர்கள். மலிவான கண்ணாடி ஹீட்டர்களில் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பார்த்து அணைக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு அணையாமல் ஓடுவது சகஜம். அப்படி ஆனால் 300 வாட் ஒரே இரவில் தொட்டியை அவித்துவிடும், 100 வாட் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தரும்.

அடுத்தது பகல் பக்கம். தொட்டிக்குள் மூழ்கி ஓடும் பம்புகள் எடுக்கும் மின்சாரம் அநேகமாக முழுதும் வெப்பமாகத் தண்ணீருக்குள்ளேயே இறங்குகிறது. ரிட்டர்ன் பம்ப் (தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது), வேவ்மேக்கர் (அலை உண்டாக்குவது), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிப்பது) மூன்றும் சேர்ந்து 60 வாட் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.44 யூனிட். வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால், உங்கள் 200 லிட்டரை அது மட்டுமே 6 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். ஒவ்வொரு பம்பின் அடியிலும் எழுதியிருக்கும் வாட்டைக் கூட்டிப் பாருங்கள். பழைய மாறுமின்னோட்ட (ஏசி) மோட்டார் பம்ப் 40 வாட் இழுக்கிறது என்றால், அதே வேலையை 15, 20 வாட்டில் செய்யும் நேர்மின்னோட்ட (டிசி) பம்புக்கு மாற்றுவது அந்தப் பம்பின் வெப்பத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

விளக்கை எப்போது போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. பலரும் காலை 10 முதல் மாலை 6 வரை டைமர் வைக்கிறார்கள். வெயிலும் விளக்கும் ஒரே நேரத்தில் சேர்வது அப்படித்தான். மாலை 4 முதல் இரவு 11 வரை என்று மாற்றுங்கள், ஒரே நாளில் அல்ல, தினமும் அரை மணி நேரமாகத் தள்ளி. பவளங்களுக்கு வேண்டியது ஒழுங்கான வெளிச்சம், அது நம் ஊர்ச் சூரியனோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் தொட்டி விளக்கு எரிவதும் ஒரு லாபம்.

இனி ஃபேன். மேல் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு (மீன் துள்ளாமல் இருக்க வலை போடுங்கள்), சம்ப் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) மேலே அல்லது தொட்டி மேலே இரண்டு 12 வோல்ட் ஃபேன் பொருத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நாளைக்கு மூன்று லிட்டர் ஆவியானால் சராசரியாக 84 வாட் வெளியேறுகிறது. ஆனால் சென்னையில் இதற்கு ஓர் எல்லை உண்டு. 34 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் இருக்கும் மதியத்தில், எத்தனை ஃபேன் வைத்தாலும் தண்ணீர் 27-க்குக் கீழே இறங்கவே முடியாது. பம்பு, விளக்கு வெப்பத்தையும் சேர்த்தால் 28 அல்லது 28.5-ல் நிற்கும். அது போதும்.

ஹீட்டரையும் ஃபேனையும் தனித்தனியாக ஓடவிட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எஸ்டிசி-1000 மாதிரியான இரட்டை ரிலே கன்ட்ரோலர் (சூட்டைப் பார்த்து ஹீட்டரையும் ஃபேனையும் தானே போட்டு அணைப்பது) ஒன்று வாங்கி, 27.5 டிகிரி, வித்தியாசம் 0.5 என்று வையுங்கள். 27-க்கு வந்தால் ஹீட்டர், 28-க்கு ஏறினால் ஃபேன். அதன் பின்பக்கம் 230 வோல்ட் திருகுகள் திறந்தே இருக்கும். பெட்டிக்குள் வைத்து எலக்ட்ரீஷியனை விட்டு ஒயரிங் செய்யுங்கள், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக. சென்சார் தண்ணீரிலிருந்து நழுவாதபடி கட்டுங்கள். அது வெளியே விழுந்து ஏசிக் காற்றில் தொங்கினால், தண்ணீர் குளிர்ந்துவிட்டதாக நினைத்து ஹீட்டரை நிறுத்தாமல் ஓட்டும்.

இதையெல்லாம் செய்து ஒரு வாரம் காலை, மதியம், விளக்கு அணைத்த பிறகு என்று மூன்று வேளை குறித்துப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டையை நம்பாதீர்கள், அது பாதி அறையின் சூட்டைத்தான் சொல்லும். அப்போதும் 29.5-ஐத் தாண்டினால் சில்லர் வாங்கலாம். ஹெச்பியைப் பார்த்து அல்ல, குளிர்விக்கும் திறன் எத்தனை வாட் என்று கேட்டு வாங்குங்கள் (பிடியுவில் எழுதியிருந்தால் மணிக்கு 3.4 பிடியு ஒரு வாட்). பம்பு, விளக்கு, வெளிச்சூடு எல்லாம் சேர்த்து உங்கள் தொட்டிக்கு 200 வாட் அகற்றினால் போதும் என்பது என் கணக்கு, 300 வாட் திறன் தாராளம். கால் ஹெச்பி தேவைப்படாது.

அந்த ஆறாயிரம் ரூபாய் மினி சில்லர் பெல்டியர் வகையாக (கம்ப்ரஸர் இல்லாமல், மின்சாரம் பாயும் சிறு தகட்டால் குளிர்விப்பது) இருக்கும். எடுக்கும் மின்சாரத்தைவிட அது அகற்றும் வெப்பம் குறைவு. இருபது லிட்டர் நானோ தொட்டியில் ஓரிரு டிகிரி இறக்கும், உங்கள் தொட்டியில் ஃபேன் சத்தம்தான் மிச்சம். ஐஸ் பாட்டிலும் அப்படித்தான்: ஒரு லிட்டர் ஐஸ் முழுதும் உருகினால் 200 லிட்டரில் அரை டிகிரி இறங்கும். கரண்ட் போன மதியத்துக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

எந்தச் சில்லரானாலும் உள்ளே டைட்டானியம் சுருளா என்று எழுத்தில் கேளுங்கள். தாமிரம் கடல்நீரில் கரைந்தால் இறாலும் பவளமும் போய்விடும். ஸ்டாண்டுக்குள் மூடி வைக்காதீர்கள். அது தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டைப் பின்னால் ஊதும், அந்தச் சூடு மறுபடி சம்ப்புக்கே போகும். மின்கட்டணமும் கணக்கில் இருக்கட்டும். 150 வாட் இழுக்கும் சில்லர் தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி இருக்கும் வீடு அந்த எல்லையைத் தாண்டிவிடும், அப்புறம் கீழ் அடுக்குக்கான விகிதமும் சேர்ந்து ஏறும்.

இந்தத் தொட்டி நிலைத்ததும் கல் பவளம் (கெட்டியான சுண்ணாம்புக் கூடு கட்டும் வகை) வைக்கலாமா என்ற ஆசை வரும். அது வெப்பத்துக்கு மஷ்ரூமைவிட எளிதில் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடலே சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. அதைவிட, இந்தியக் கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ‘இறக்குமதி’ என்று சொல்லி விற்பவரிடம் காகிதம் கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கோவையில் 150 லிட்டர் தொட்டி. ஃபேன் மட்டுமே போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். கோவையின் வறண்ட கோடை மதியத்தில் ஆவியாதல் சென்னையைவிட நன்றாக நடக்கும். 26, 27-ல் நிறுத்துவது கஷ்டமில்லை. ஆனால் அந்த அளவுக்குத் தண்ணீரும் குறையும். ஆவியாவது நன்னீர் மட்டும், உப்பு உள்ளேயே நின்றுவிடும். ஆகவே குறைந்த அளவை ஆர்ஓ தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புக் கலந்த நீரால் அல்ல. இரண்டு நாள் மறந்தால் உப்பளவு ஏறி, வெப்பத்தைச் சரிசெய்யப் போய் வேறு தொல்லையை வாங்கிக்கொள்வீர்கள். ஃபேனுக்குச் செலவழிக்கும் பணத்தோடு ஒரு ஆட்டோ டாப்-அப்பையும் (குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும் கருவி) சேர்த்தே யோசியுங்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலைக்கு உங்களுக்கும் ஹீட்டர் வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சில்லர் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. ‘கடல்நீரில் பயன்படுத்தினால் வாரன்டி கிடையாது’ என்கிறார் விற்பனையாளர். விளம்பரத்தில் ‘மெரைன் டேங்க்குக்கு ஏற்றது’ என்றுதான் இருந்தது.

பதில்: அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். பில், பெட்டியில் உள்ள இறக்குமதியாளர் முகவரி, வாரன்டி அட்டை மூன்றையும் சேர்த்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இழந்த பவளங்களுக்கும் நஷ்டஈடு கேட்கலாம், அவற்றை வாங்கிய பில் உங்களிடம் இருந்தால்.