அக்காவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: டாக்டரம்மா, அக்காவுக்கு இடுப்பு வலின்னு சென்னையிலேந்து வந்த சொந்தக்காரங்க அனால்ஜின் குடுத்தாங்க. ஒரு வாரம் சாப்பிட்டதும் குளிர்காய்ச்சல், வாயெல்லாம் புண்ணு, எச்சில்கூட முழுங்க முடியல. வெள்ளை அணு ரொம்ப கொறஞ்சிருச்சுன்னு ஆஸ்பத்திரியில சேத்து இப்ப தேறிட்டாங்க. ஒரே ரத்தம்தானே, எனக்கும் வருமா? ஜீன் டெஸ்ட் எடுக்கவா? - ஒரு தம்பி, யாங்கோன்

பதில்: அக்கா தேறி வந்ததே பெரிய நிம்மதி தம்பி. கிருமியோட மொதல்ல சண்டை போடுற நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 500-க்கும் கீழ போயிட்டா அதுக்குப் பேரு அக்ரானுலோசைட்டோசிஸ், அப்ப சாதாரண தொண்டைப்புண்ணுகூட உயிருக்கே ஆபத்தாயிரும். அனால்ஜின்ல இருக்கற மெட்டமிசோல் அபூர்வமா இப்படிப் பண்ணும், முன்னாடி பல தடவை ஒண்ணும் ஆகாம சாப்பிட்டவங்களுக்கும் வரலாம். பிரான்ஸ்ல 2006-லயே நிறுத்திட்டாங்க, ஜெர்மனியில இன்னும் டாக்டர் சீட்டுக்கு குடுக்கறாங்க.

ஜீனுக்கு வருவோம். ஆறாவது குரோமோசோம்ல இருக்கற எச்எல்ஏ ஜீன்கள்தான் எது நம்ம உடம்பு, எது அன்னியம்னு எதிர்ப்பு சக்திக்குக் காட்டுது, சந்தேகம் அது மேலதான். கூடப்பொறந்த ரெண்டு பேருக்கு இது அப்படியே ஒத்துப்போக நாலுல ஒரு வாய்ப்புதான், அதனால ஒரே ரத்தம்னு பயந்துக்காதீங்க. ஒத்துப்போனாலும் கண்டிப்பா வரும்னு இல்ல. இந்த மருந்துக்கு முன்கூட்டியே சொல்ற நம்பகமான டெஸ்ட் கிடையாது, காசை வீணாக்க வேணாம். ஆனா நீங்களும் அனால்ஜினைத் தொடாதீங்க, டாக்டர்கிட்ட அக்கா விஷயத்த சொல்லிருங்க.

நீங்க கேக்காத ஒண்ணு, ஜி6பிடி குறைபாடு. செவப்பணுவைக் காப்பாத்தற ஒரு நொதி பொறப்புலயே கொறைவா இருக்கறது, அதனால சில மருந்து ஒத்துக்காது. மலேரியா இருந்த பகுதியில இது அதிகம், நம்ம பர்மாவுலயும்தான். ஆம்பளைங்களுக்கு அம்மா வழியா வரும், அவங்களுக்குத்தான் ஜாஸ்தி, இதுல உடையறது செவப்பணு, மூத்திரம் கடுங்காப்பி நெறத்துல போகும். இதுக்கு டெஸ்ட் இருக்கு, அத எடுத்துக்கங்க.

எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கறது, கடையில வெள்ளை, மஞ்சள், ரோஸ்னு நாலஞ்சு மாத்திரைய சின்ன பிளாஸ்டிக் பையில போட்டு பேர் எழுதாம தர்றாங்களே, அதுலதான். உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? பேர் கேட்டு வாங்குங்க, சொல்லலேன்னா வேணாம்னுட்டு வாங்க. வலி மாத்திரை சாப்பிடறப்ப காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா மாத்திரைய அப்பவே நிறுத்திட்டு அன்னிக்கே ரத்தம் பாருங்க, வெள்ளை அணுவ வகை பிரிச்சு எண்ணச் சொல்லுங்க. அக்கா இனி ஆயுசுக்கும் அத சாப்பிடக் கூடாது, மெட்டமிசோல், அனால்ஜின், நோவால்ஜின்னு அந்த ஒரே மருந்தோட மூணு பேரையும் பர்மீஸ்லயும் எழுதி அவங்க பர்ஸ்ல வச்சிருங்க.