ஆடு மேய்க்கவும் படிக்கத்தான் வேண்டும்

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான், மதிப்பெண் சுமார்தான். மாமனார் வழியில் வந்த எட்டு ஏக்கர் கொரங்காடு (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் காடு), கொஞ்சம் மேச்சேரிச் செம்மறி ஆடு, இரண்டு காங்கேயம் மாடு இருக்கின்றன. லீவு விட்டால் பையன் காட்டிலேயே கிடக்கிறான். சென்னையில் இருக்கும் அவருடைய அண்ணன், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். பணத்துக்கு நிலத்தை அடமானம் வைக்கவேண்டும். "படிக்காதவன்தான் ஆடு மேய்ப்பான்னு சொந்தக்காரங்க பேசறாங்க சார். நீங்க சொன்னா கேப்பான்" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நான் பேசவேண்டியது அவனிடம் இல்லை, உங்களிடமும் உங்கள் அண்ணனிடமும்தான். பிடிக்காத படிப்புக்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். விருப்பமில்லாமல் சேர்ந்த பையன் இரண்டாம் ஆண்டிலேயே அரியரில் மாட்டிக்கொள்வான், வட்டி மட்டும் தவறாமல் ஓடும். அப்போது கட்டப்போவது சீட் பேசி வைத்த மாமா இல்லை.

"பிராணிதானே பிடிக்கும், அப்படியானால் கால்நடை மருத்துவம் படிக்கட்டும்" என்பார்கள் அடுத்து. அது ஐந்தரை ஆண்டுப் படிப்பு, கட்ஆஃபும் அவனுக்கு எட்டாது. எட்டினாலும் அது வேறு வேலை. நோய் வந்த ஆட்டைப் பிழைக்கவைப்பது மருத்துவர். நோய் வராமல், புல்லும் அழியாமல் மந்தையை வருடம் முழுக்க நடத்துவது மேய்ச்சல் மேலாண்மை. உங்கள் பையனுக்குப் பிடித்திருப்பது இரண்டாவது. இதற்குப் பட்டம் இல்லை என்பதால் படிப்பே இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

உங்கள் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், வாசலில் ஒரு படல். புல் இல்லாத கோடையில் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. மழை குறைந்த அந்த மண்ணுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது பல காடுகளில் வேலிக்குள் ஆட்டை விட்டால் விட்டதுதான், வருடம் முழுக்க ஒரே இடத்தில் நிற்கிறது. பிடித்த புல்லையே திரும்பத் திரும்பக் கடிக்கும். கடிபட்ட புல் வேரில் சேர்த்து வைத்திருப்பதைச் செலவழித்துத் துளிர்க்கிறது. அது தேறுவதற்குள் மறுபடி கடிபட்டால் வேர் சுருங்கும், இரண்டு மூன்று பருவத்தில் நல்ல புல் போய் ஆடு சீண்டாத செடிதான் மிஞ்சும். எத்தனை ஆடு என்பதைவிட எத்தனை நாள் நிற்கிறது, எத்தனை நாள் கழித்துத் திரும்பி வருகிறது என்பதே முக்கியம் என்று பிரான்சின் மேய்ச்சல் ஆய்வாளர் ஆந்த்ரே வாய்சின் 1950களிலேயே சொல்லிவிட்டார்.

எனவே எட்டு ஏக்கரைக் கம்பிவலை வைத்தாவது சில துண்டாகப் பிரிக்கவேண்டும். புல்லில் பாதியைத் தின்றதும் அடுத்த துண்டுக்கு மாற்றவேண்டும். மழைக்காலத்தில் இன்னொரு கணக்கும் சேரும். புழுக்கையோடு விழும் குடற்புழு முட்டை, சூடும் ஈரமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றும் புழுவாகிப் புல்லில் ஏறிவிடும். அதற்குள் மந்தையை நகர்த்தி, அந்தத் துண்டை நன்றாக ஆறப்போட்டால் மருந்துச் செலவு குறையும். எந்தத் துண்டில் எப்போது விட்டான், எப்போது எடுத்தான், மழை எவ்வளவு, குட்டி எடை என்ன என்று நோட்டில் எழுதவேண்டும். படிப்பு வராது என்று நீங்கள் சொல்லும் பையன் இதைச் செய்வான், பாருங்கள்.

அப்புறம், கால்நடையை மிரட்டாமல் கையாளுவது. இதற்குப் பேர்போனவர் அமெரிக்காவின் பட் வில்லியம்ஸ். டெம்பிள் கிராண்டினும் இதே துறையில் நிறைய ஆராய்ந்தவர். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஓர் எல்லை உண்டு, அதற்குள் நாம் கால் வைத்தால் அது விலகும். அதன் தோளுக்குப் பின்பக்கம் நின்றால் முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் பின்வாங்கும். நேர் பின்னால் நிற்கக்கூடாது, அங்கே அதற்குக் கண் தெரியாது. மாடு நகர்ந்தவுடன் நாமும் ஓரடி விலகிவிடவேண்டும், அதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. கத்தலும் வேண்டாம், வாலை முறுக்கவும் வேண்டாம். பயந்த மாடு பாலை இறக்காது, மிரண்ட ஆட்டின் இறைச்சியும் கெடும். சந்தைக்கு வண்டி ஏற்றும்போது நம் ஊரில் நடக்கும் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு தேவை என்று தெரியும்.

எங்கே கற்பது? தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திருப்பூரிலேயே இருக்கிறது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் உண்டு. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை, புல்லுக்கென்று ஜான்சியில் 1962இல் தொடங்கிய தேசிய நிறுவனம். ஒவ்வோர் இடத்துக்கும் பையனையே போன் செய்து விசாரிக்கச் சொல்லுங்கள். கூடவே பக்கத்து அரசுக் கலைக்கல்லூரியிலோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ ஏதாவது ஒரு பட்டம் படிக்கட்டும். கல்யாணப் பேச்சில் கேட்பார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பின்னால் வேறு வழி பார்க்க நேர்ந்தாலும் உதவும்.

இனிப்பான பேச்சு வேண்டாம். மேய்ச்சல் மேலாண்மை என்ற பெயரில் சம்பள வேலை நம் ஊரில் மிகக் குறைவு. வருமானம் பெரும்பாலும் சொந்த மந்தையிலிருந்துதான் வரவேண்டும். மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் பாதி மானியம் கிடைக்கிறதே என்று யாராவது கிளப்புவார்கள். அதில் மிகச் சிறிய பண்ணையே 100 பெட்டை, 5 கிடா. எட்டு ஏக்கர் மானாவாரிக் காடு அதைத் தாங்காது, மீதிப் பாதிக்கு நீங்கள் கடன்காரர். இப்போது அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இந்த வருடச் செலவு கம்பிவலை, ஒரு எடைத்தராசு, பஸ் காசு, இவ்வளவுதான் இருக்கவேண்டும். அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், சீட் வேண்டாம் என்று. முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே எழுதித் திருப்பிக் கேளுங்கள். மந்தையில் பத்துப் பெட்டையைப் பையன் பேருக்கு ஒதுக்கி, குட்டி விற்ற பணத்தை அவன் வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து எடுத்தால், கடன் என்று அதே நோட்டில் எழுதிவையுங்கள்.