குறுவை வயலில் அசோலா விட்டால் யூரியாவைக் குறைக்கலாமா? மாட்டுக்கும் போடலாமா?

குறைக்கலாம், அடியோடு நிறுத்த முடியாது. அசோலா நீரில் மிதக்கும் பெரணி. அதன் இலைக்குள் வாழும் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசிதான் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிக்கிறது. அசோலா மிதக்கும்வரை அந்தச் சத்து பயிருக்குப் பெரிதாகப் போய்ச் சேராது. நட்ட ஒரு வாரத்தில் தூவுங்கள். வயல் முழுக்கப் படர்ந்ததும் தண்ணீரை வடித்து, கோனோவீடரால் (கையால் தள்ளும் களைக்கருவி) சேற்றில் அமுக்குங்கள். மட்கினால்தான் உரம். ஆடி வெயிலில் இலை செம்பழுப்பானால் சூடோ மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவோ காரணம். கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போடுங்கள். சம்பாவில் வேறு கவலை: ஐப்பசி அடைமழையில் வரப்பு வழிந்தால் அசோலா எல்லாம் வாய்க்காலோடு போய்விடும்.

மாட்டுக்குத் தாராளமாகப் போடலாம். உலர் எடையில் 20–25 சதவீதம் புரதம். வளர்ப்பில் போடும் சாணியின் வாடை போக அலசி, தீவனத்தோடு கலந்து வையுங்கள். ஆனால் மருந்தடித்த வயலில் அள்ளியதை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். மர நிழலில் தார்ப்பாய் விரித்துத் தனித்தொட்டி போடுங்கள்.