எனக்கு 24 வயது. ஒரு லேபில் ஹெல்த் பேக்கேஜோடு கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறார்கள். எந்த வயதில் தொடங்கினால் போதும்?

30 வயசுல ஆரம்பிச்சா போதும்மா. இது என் சொந்தக் கணக்கு இல்ல. நம்ம அரசுத் திட்டமே 30-லருந்து 65 வரைக்கும், 5 வருஷத்துக்கு ஒரு தடவைன்னுதான் இருக்கு. உலக சுகாதார நிறுவனமும் பொதுவா 30-ன்னுதான் சொல்லுது, எச்.ஐ.வி. இருக்கிறவங்களுக்கு மட்டும் 25. அமெரிக்காவுல 21-லயே பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயை லேசா வழிச்சு எடுத்து செல்லைப் பார்க்கற டெஸ்ட்) எடுக்கறாங்களேன்னு சண்டைக்கு வராதீங்க, அங்கேயே 25-ன்னு சொல்ற அமைப்பும் இருக்கு. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமே எச்.பி.வி.ங்கற கிருமிதான். சின்ன வயசுல அது தொத்தினாலும் பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும். போகாம தங்கிட்டது புற்றுநோயா மாற பொதுவா 15, 20 வருஷம் ஆகும். தானா மறையப் போறதைத் தேடிப் பிடிச்சு வைத்தியம் பண்ணா, பின்னாடி குறைமாசப் பிரசவம்னு தொல்லை வரலாம்.

ஆனா உறவுக்கு அப்புறம் ரத்தம் படுது, தீட்டு இல்லாத நாள்ல படுது, நாத்தத்தோட வெள்ளைப்படுதுன்னா வயசே பார்க்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட போங்க.

நான் இதை எழுத உட்கார்ந்ததே என் ஓரகத்தியாலதான். குடியாத்தம் பக்கம் எங்க ஊரு. அக்கா பீடி சுத்தறவங்க. முறத்தை மடியில வெச்சா பொழுது சாயறவரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்சம்மா கூப்பிட்டப்ப அக்காவுக்கு 43 வயசு. "எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, இன்னாத்துக்கு இதெல்லாம்?"னு கத்தரிக்கோலைக்கூட கீழ வைக்கல. ஒண்ணும் இல்லாதப்ப பண்றதுதான் இந்த டெஸ்டேன்னு நான் மல்லுக்கட்டிக் கூட்டிக்கினு போனேன்.

பஞ்சுல அசிட்டிக் ஆசிட் தொட்டு வெச்சாங்க, வினிகர்ல இருக்கிறதுதான் அது. ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தா ஒரு இடம் வெள்ளையா தெரிஞ்சது. வேலூருக்கு எழுதிக் கொடுத்தாங்க. அங்க பெரிசாக் காட்டற கருவி வெச்சுப் பார்த்து, துளி சதை எடுத்து அனுப்பினதுல, புற்றுநோய்க்கு முந்தின நிலைன்னு வந்தது. அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டு, சூடான கம்பி வளையத்தால அந்தத் திட்டை மட்டும் எடுத்துட்டாங்க. அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டோம். கர்ப்பப்பையை எடுக்கல. டாக்டர் சொன்ன தேதிக்கெல்லாம் போய்க் காட்டிட்டு இன்னைக்கும் நல்லா இருக்காங்க. எனக்கு இதுல பெருமைதான், மறைக்க மாட்டேன்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்துலருந்து ரெண்டு நாள் ரயில்ல உட்கார்ந்து வர்றாங்க. பக்கத்து கிராமத்துப் பொம்பளைக்கு சப்-சென்டர் (துணை சுகாதார நிலையம்) வரைக்கும் போக ஒரு நாள் கூலி போகுதேன்னு இருக்கு. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரல. இன்னொண்ணும் சொல்லிடறேன், நீங்க கேட்காததுதான். வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போற பொம்பளைங்க காலையிலருந்து தண்ணியே குடிக்காம போறாங்க. பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்குள்ள கால் வைக்க முடியாது, காசு மட்டும் வாங்கிக்கறாங்க. இதை யாராவது ஒரு கூட்டத்துலயாவது பேசியிருக்காங்களா?

நான் டாக்டர் இல்ல, நர்சும் இல்ல. கூட போய் நின்னவ, கேட்டுத் தெரிஞ்சுக்கினவ. உங்க வயசுக்குக் கேட்க வேண்டியது எச்.பி.வி. தடுப்பூசி. 9-லருந்து 14 வயசுக்குள்ள போடறதுதான் ரொம்ப நல்லது, ஆனாலும் 26 வரைக்கும் போடறாங்க, மகப்பேறு டாக்டரைக் கேளுங்க. ஊசி போட்டாலும் 30-ல டெஸ்ட் உண்டு.

பேக்கேஜ் காசை வீட்டுலயே வைங்க. உங்க அம்மா இதுவரைக்கும் இந்த டெஸ்ட் எடுத்திருக்காங்களான்னு கேளுங்க. இல்லைன்னா இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கினு போங்க, அங்க காசு வாங்க மாட்டாங்க. வேணாம்னுதான் சொல்லுவாங்க, விடாதீங்க.