கதவு தானாகச் சாத்திக்கொண்டால்

தம்பி, டோர்ட்முண்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்கிறீர்கள். அதற்குள் உங்கள் வகுப்புத் தோழர் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்த, திறக்க வந்த ஆள் 600 யூரோ வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நமக்கும் இப்படி நடந்தால் யாரைக் கூப்பிடுவது, யாரை நம்புவது என்பது உங்கள் கேள்வி. ஜெர்மனிக்கு வந்து எனக்குப் பதின்மூன்று வருடம். இந்தப் பாடத்துக்கு நானும் ஃபீஸ் கட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கதவைப் புரிந்துகொள்ளுங்கள். திண்டுக்கல் பூட்டு தொங்குகிற வீட்டில் நாமாகப் பூட்டினால்தான் பூட்டு. குப்பை கொட்டிவிட்டு வந்தால் கதவு போட்டது போட்டபடி இருக்கும். இங்கே உங்கள் வீட்டுக் கதவை வெளியிலிருந்து பாருங்கள், கைப்பிடி இருக்காது. அசையாத ஒரு குமிழ்தான் இருக்கும். காற்று அடித்துக் கதவு சாத்தினாலும் பூட்டின் நாக்கு போய்ப் பொந்தில் விழுந்துவிடும், அப்புறம் சாவி இல்லாமல் திறக்காது. ஆனால் இது வெறுமே சாத்திய கதவுதான், பூட்டிய கதவு அல்ல. சாவியைத் திருகி உள்ளிருக்கும் தாழ்க்கட்டையை வெளியே தள்ளினால்தான் பூட்டியதாக அர்த்தம். ஏமாற்றுகிறவர்கள் பிழைப்பதே இந்த வித்தியாசம் நமக்குத் தெரியாததால்தான்.

சாத்திய கதவைத் தொழில் தெரிந்தவர் வளைந்த கம்பியையோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையோ இடுக்கில் விட்டு, நாக்கைப் பின்னால் தள்ளித் திறந்துவிடுவார். பெரும்பாலும் சில நிமிட வேலை. பூட்டுக்கு ஒரு கீறல் விழாது. துளைபோடும் மெஷினுக்கு அங்கே வேலையே இல்லை.

எனக்கு நடந்தது ஒரு ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை இரவு. குப்பை போட வீட்டுச் செருப்போடு கீழே இறங்கினேன். திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. நல்லவேளை, போன் கையில் இருந்தது. தேடினேன். மேலே விளம்பரமாக வந்த முதல் நம்பரிலேயே ‘9 யூரோவிலிருந்து’ என்று போட்டிருந்தது. இந்த ஊர் நம்பர்தான், அழைத்தேன். போனை எடுத்த பெண் விலையைச் சொல்லவே இல்லை. ‘ஆள் வந்து பார்த்துச் சொல்வார்’ என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தவரின் வண்டி நம்பர் வேறு ஊருடையது. கதவை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டு, ‘இது பாதுகாப்புப் பூட்டு, துளைக்கத்தான் வேண்டும்’ என்றார். துளைத்தார். அப்புறம் புது சிலிண்டர் (பூட்டில் சாவி நுழையும் உருளை), இரவுக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமைக் கட்டணம், பயணம், வரி என்று 480 யூரோ. கார்டு மெஷினைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். குளிர், வெட்கம், எப்படியாவது உள்ளே போனால் போதும் என்ற நினைப்பு. பின் நம்பரை அழுத்திவிட்டேன். அப்படிக் கட்டிய பணத்தை வங்கி திருப்பித் தராது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அந்த நம்பர் எங்கோ இருக்கும் கால் சென்டருக்குப் போகிறது. ஊர் நம்பர் வெறும் வேஷம். முகவரி போட்டிருந்தாலும் அங்கே போனால் கடை இருக்காது. அந்தக் காலத்தில் டெலிபோன் புத்தகத்தில் முதலில் வருவதற்காகப் பெயருக்கு முன்னால் நாலைந்து ‘ஏ’ சேர்த்துக்கொண்டார்கள். இப்போது முதலில் வருவதற்காக விளம்பரத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். வித்தை அதேதான்.

ஆகவே கதவு திறந்திருக்கும்போதே ஆளைத் தேடுங்கள். இந்த வாரமே செய்யலாம். உங்கள் தெருப் பக்கம் செருப்புத் தைத்துச் சாவியும் வெட்டித் தரும் கடை ஒன்று இருக்கும். ஒரே ஆள் குதிகாலும் ஒட்டுவார், சாவியும் வெட்டுவார், இந்த ஊர் வழக்கம் அது. உள்ளே போய், கதவு சாத்திக்கொண்டால் வருவீர்களா, இரவில் எவ்வளவு, பகலில் எவ்வளவு என்று கேளுங்கள். அவர் வராவிட்டாலும் யார் வருவார் என்று சொல்வார். வீட்டு நிர்வாகத்திடமும் கேட்டு வையுங்கள். அவர்களுக்கு வழக்கமாக வரும் பூட்டுக்காரர் இருப்பார், கட்டட வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்புத் தாளிலும் சில சமயம் நம்பர் இருக்கும். அந்த நம்பரைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். போன் உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அழைக்கும்போது, ‘கதவு சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயணம், வரி, இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். ‘இவ்வளவிலிருந்து’ என்றால் அது விலை ஆகாது. ஆள் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறார் என்றும் கேளுங்கள். மழுப்பினால் போனை வைத்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் கூட நின்று கேட்டால் பின்னால் சாட்சியாகவும் ஆகும். பகலில் சாத்திய கதவைத் திறக்க நூறை ஒட்டியும், இரவிலும் ஞாயிறிலும் இருநூறை ஒட்டியும் கேட்டால் நியாயம் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

வந்தவர் எடுத்ததும் துளைபோடும் மெஷினை வெளியே எடுத்தால் நிறுத்துங்கள். வேலை தொடங்குவதற்கு முன் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பேசியதைவிட அதிகம் கேட்டால், பேசியதை மட்டும் தருகிறேன், மீதிக்கு விவரமான பில் அனுப்புங்கள் என்று சொல்லலாம். மிரட்டினாலோ, போக மாட்டேன் என்றாலோ 110. போலீஸ் வந்தாலே பலர் குரல் இறங்கிவிடும். பயந்துபோய்க் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பில்லில் ‘உன்டர் ஃபோர்பெஹால்ட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துக்கொண்டு கொடுக்கவில்லை, பின்னால் திருப்பிக் கேட்பேன் என்று பொருள். மறுநாள் பில்லோடு நுகர்வோர் ஆலோசனை மையத்துக்குப் போங்கள். ஃபெர்பிரௌகர்சென்ட்ராலே என்று கேட்டால் வழி காட்டுவார்கள், டோர்ட்முண்டிலேயே இருக்கிறது. வழக்கமான விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டினால் சட்டம் அதைச் சும்மா விடாது. வாசலில் மாட்டிக்கொண்டு நிற்பதே ஒரு நெருக்கடி நிலைதான் என்று 2020-இல் கூட்டாட்சி நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் அன்று எனக்குத் தெரிந்திருந்தால்!

இன்னொன்று. உள்ளே அடுப்பு எரிகிறது, குழந்தை தனியாக இருக்கிறது என்றால் பூட்டுக்காரரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 112-ஐ அழையுங்கள், தீயணைப்புத் துறை வரும்.

மாற்றுச் சாவி பற்றி. இரண்டாவது முறை மாட்டிக்கொண்டபோது நான் கெட்டிக்காரனாக இருந்தேன். மேல்மாடிப் பாட்டியிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தேன். பாட்டி சந்தோஷமாக எடுத்து வந்தார். சாவி பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை! உட்பக்கம் நானே ஒரு சாவியைச் செருகி வைத்திருந்தேன். சாதாரண சிலிண்டரில் உள்ளே சாவி இருந்தால் வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளே சாவி இருந்தாலும் வெளியிலிருந்து திறக்கும் சிலிண்டர் தனியாகக் கிடைக்கிறது. அது இல்லையென்றால் உள்ளே சாவியைச் செருகி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

சாவி தொலைவது வேறு கதை. உங்கள் சாவியே கட்டடத்தின் பொதுவாசலையும் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் அது முழுக் கட்டடத்துக்கும் சேர்ந்த பூட்டு அமைப்பு. தொலைந்தால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு ஆயிரக்கணக்கில் போகும். உண்மையிலேயே மாற்றினால்தான் அந்தப் பணத்தை வாடகைதாரரிடம் கேட்கலாம் என்று 2014-இல் தீர்ப்பு வந்துவிட்டது. இருந்தாலும் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் காப்பீடு (நம்மால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கானது) எடுக்கும்போது சாவி இழப்பும் அதில் அடக்கமா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

முன்பு இருந்தவரிடம் சாவி இருக்குமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பொதுப் பூட்டு அமைப்பு இல்லாத வீடென்றால் நீங்களே மாற்றிவிடலாம். கதவின் விளிம்பில், தாழ்க்கட்டைக்குக் கீழே நீளமான ஒரே திருகு இருக்கும். அதைக் கழற்றி, சாவியைக் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். திருகுத் துளையிலிருந்து இரு பக்கமும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொண்டு பவ்மார்க்ட் என்ற கட்டுமானப் பொருள் கடைக்குப் போய், அதே அளவில் சாதாரணமானது ஒன்று வாங்கி மாட்டுங்கள். பழையதை வீசிவிடாதீர்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் அதைத்தான் திரும்ப மாட்ட வேண்டும். என்னுடையது சமையலறை இழுப்பறையில், மிளகாய்த்தூள் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.