பங்குனி மாதக் குசினியும் ஒற்றைச் சம்பளமும்: ஜேர்மனிக்குப் புதிதாய் வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, தையில் வந்து இறங்கினோம், இப்போது பங்குனியாகிவிட்டது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சம்பளம், இரண்டு பிள்ளைகள். வாடகை போக இருக்கிற காசில் பெரும்பங்கு தமிழ்க் கடைக்கே போகிறது. பிள்ளைகளின் வயிற்றில் கை வைக்காமல் செலவை எங்கே இறுக்குவது, ஹைட்சுங்கை, அதுதான் வீட்டைச் சூடாக்குகிற கருவியை, இப்போதே பூட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஹைட்சுங்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் குசினிக்கு வாருங்கள்.

உங்கட காசு போகிற வழி முருங்கைக்காய், பாவற்காய், வல்லாரை, பச்சைக் கறிவேப்பிலை. இவையெல்லாம் பிளேனில் வருகிற சாமான்கள். நீங்கள் காய்க்குக் காசு கொடுப்பதாக நினைக்கிறீர்கள். அதற்குள் பிளேன் கூலியும் இருக்கிறது. வருசப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? கிழமைச் சமையலுக்கு அது கட்டாது. தமிழ்க் கடையில் அரிசியைப் பெரிய மூட்டையாக வாங்குங்கள், மிளகாய்த்தூள், புளி, வெந்தயம், பெருஞ்சீரகம் வாங்குங்கள். கறிவேப்பிலை ஒரு கட்டு வாங்கி, உருவி, பிரீசரில் போட்டால் நெடுநாள் வரும். மற்றதெல்லாம் இந்த ஊர்க் கடைகளில் இருக்கிறது, வேறு பெயரில், வேறு தட்டில்.

மைசூர்ப் பருப்பைத் துருக்கிக் கடையில் பாருங்கள், பெரிய பைகளில் கிடக்கும். ரவை அல்டி, லிடில் என்ற மலிவு சுப்பர்மார்க்கெட் இரண்டிலும் உண்டு. தேங்காய்ப்பூவுக்கு, கேக் சாமான் இருக்கிற தட்டில் கோகோஸ்ராஸ்பல் என்று இருக்கும். கொஞ்சம் சுடுதண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் மூடி வைத்தால் வறைக்கும் புட்டுக்கும் தாராளம். கோதுமை மாவில் டைப் 405 என்று பையில் போட்டிருக்கிற வெள்ளை மாவை வாங்கி, துணியில் கட்டி அவித்து, சூட்டோடு உதிர்த்து அரிதட்டில் அரித்து எடுத்து வையுங்கள். அவித்த மா என்று பைக்கற்றில் விற்பதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? விலை பார்க்கும்போது பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் கிலோ விலை போட்டிருப்பார்கள், போட வேண்டும் என்பது சட்டம். அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

பங்குனி இங்கே மரக்கறிக்கு வறண்ட மாதம். போன வருசத்து விளைச்சல் கிடங்கில் முடிகிற நேரம், புதியது இன்னும் வரவில்லை. தக்காளியும் வெள்ளரிக்காயும் ஸ்பெயினிலிருந்தும் மொரோக்கோவிலிருந்தும் வரும். விலையும் இருக்கும், ருசியும் இருக்காது. குழம்புக்குத் தகரத் தக்காளி போதும். இப்போது மலிவு கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட், பழைய உருளைக்கிழங்கு. இந்த ஐந்தும் யாழ்ப்பாணத்துச் சட்டிக்குப் புதியவையா? லீக்ஸும் கிழங்கும் போட்ட பிரட்டல், பீட்ரூட் பால்கறி, கோவா வறை, கரட் சம்பல். எகிப்திலிருந்தும் சைப்பிரசிலிருந்தும் வருகிற புதுக் கிழங்கு பளபளவென்று முன்னால் இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

இலைக்கறிதான் பங்குனி சித்திரையின் பெரிய லாபம். வோகன்மார்க்ட் என்கிற கிழமைச் சந்தையில் கோல்ராபி வாங்குகிற சனம் இலையை முறித்துப் பெட்டியில் எறிந்துவிட்டுப் போகும். அது எங்கட நோக்கோல்தான். இலையின் நடு நரம்பை எடுத்துவிட்டுப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வறுத்தால் பொன்னாங்காணியைக் கேட்க மாட்டீர்கள். சின்னச் சிவப்பு முள்ளங்கியின் இலையும் அப்படியே. கடைக்காரரிடம் கேளுங்கள், சும்மா தருவார். முயலுக்கா என்று கேட்பார். ஓம் என்று சொன்னாலும் ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கு என்று சொன்னாலும் ஒன்றுமில்லை. மார்க்ட் மூடப்போகிற நேரத்தில் போனால் மிச்ச மரக்கறியைப் பெட்டியோடு குறைத்துக் கொடுப்பார்கள்.

காட்டில் பேர்லௌக் என்று உள்ளி வாசத்தோடு ஒரு இலை இந்த மாதம் தரை முழுக்கப் படர்ந்திருக்கும். சம்பலுக்கும் வறைக்கும் அருமையான சாமான். வீட்டுத் தேவைக்கு ஒரு கைப்பிடி பறிக்கச் சட்டம் இடம் தருகிறது, பாதுகாக்கப்பட்ட காடுகளில் மட்டும் கூடாது. ஆனால் முதல் வருசம் நீங்களாகப் போய்ப் பறிக்க வேண்டாம். மைக்ளொக்ஷன், ஹெர்ப்ஸ்ட்சைட்லோச என்று இரண்டு நச்சுச் செடிகள் அதே சாயலில், அதே காலத்தில் முளைக்கும். இரண்டாவது ஆளையே கொல்லும். வாசத்தை நம்பலாம் என்பார்கள். இரண்டு இலை பறித்த பிறகு உங்கட கையே உள்ளி மணக்கும், பிறகு எதை மணந்தாலும் அதே வாசம்தான். பேர்லௌக்கில் ஒவ்வொரு இலையும் தனித்தனிக் காம்போடு நிலத்திலிருந்து வரும். தெரிந்த ஒருவரோடு போய்ப் பழகுங்கள், அதுவரை கடையில் ஒரு கட்டு வாங்குங்கள்.

காஞ்சோன்றி மாதிரிக் கடிக்கிற ப்ரென்னெசெல் பயமில்லாதது. கையுறை போட்டு நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளி, கொதிதண்ணீரில் போட்டெடுத்தால் கடி போய்விடும். பருப்போடு கடைந்தால் முளைக்கீரைக்குக் கிட்ட வரும். நாய் கூட்டிப் போகிற பாதையோரம் மட்டும் வேண்டாம். சித்திரையில் ரபார்பர் தண்டு வரும். நல்ல புளிப்பு, நாரை உரித்துப் பருப்புக்குள் போட்டால் தேசிக்காய் மிச்சம். அதன் இலை நஞ்சு, வெட்டி எறிந்துவிடுங்கள். ஷ்பார்கெல் (அஸ்பராகஸ் தண்டு) என்று ஊரே கூத்தாடும், முதல் கிழமைகளில் அந்தப் பக்கம் போகாதீர்கள். யூன் 24 வரை சீசன், இடையில் விலை இறங்கும்.

மீனுக்கு விளைமீனும் பாரையும் தேடினால் சம்பளம் காணாது. துருக்கிக் கடையில் ஹம்சி என்று விற்பது நெத்தலி இனம்தான். பொரித்தாலும் சரி, தீயலாக வைத்தாலும் சரி. அதில்லாத நாளில் கானாங்கெளுத்தியை மக்ரேல என்று கேளுங்கள்.

இரவுச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. பிள்ளைகள் மத்தியானம் கிண்டர்கார்டனில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். இரவும் சோறு, மூன்று கறி என்று நின்றால் காசும் போகும், உங்கட இடுப்பும் போகும். ஜேர்மன்காரர் ஆறு மணிக்குப் பாண் வெட்டிச் சாப்பிடுவதைச் சிரிக்க வேண்டாம். நாங்கள் பாணுக்குச் சொதியும் சம்பலும் வைத்தவர்கள்தானே? பல பேக்கரிகளில் முதல் நாள் பாணைக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். காய்ந்துபோனால் துண்டு துண்டாக வெட்டி முட்டையும் லீக்ஸும் போட்டுக் கொத்தி எடுங்கள், பிள்ளைகள் சட்டியைச் சுரண்டுவார்கள். எல்லோரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும், ரிவி பூட்டியிருக்க வேண்டும். அதற்குக் காசு செலவில்லை.

இனி ஹைட்சுங். பூட்டாதீர்கள். புட்டு அவிக்கிற ஆவி, உள்ளே காயப்போட்ட உடுப்பின் ஈரம், எல்லாம் குளிர்ந்த சுவரில் போய் ஒட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு வீட்டுக்காரன் பிழை உங்களில் என்பான். திருகியில் மூன்றாம் இலக்கம் என்றால் ஏறக்குறைய 20 பாகை. ஒரு பாகை குறைத்தால் ஆறு வீதம் அளவில் மிச்சம் பிடிக்கலாம். ஜன்னலை நாள் முழுக்கச் சரித்து வைக்காமல், ஹைட்சுங்கை நிறுத்திவிட்டு ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள், நாளுக்கு இரண்டு மூன்று தடவை, சமைத்து முடித்ததும் ஒருக்கால் கட்டாயம். இன்னொன்று: ஹைட்சுங்குக்கு நீங்கள் மாதாமாதம் கட்டுவது முற்பணம். உண்மைக் கணக்கை வீட்டுக்காரர் வருசக் கணக்கு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அனுப்பலாம். ஆகவே இந்தக் குளிருக்கான பில் அடுத்த வருசம்கூட வரலாம். மிச்சம் பிடிக்கிற முதல் காசை அதற்கு ஒதுக்குங்கள்.

சப்பாத்தும் ஜக்கற்றும் கடையில் புதிதாக வாங்க வேண்டாம். இந்த மாதங்களில் கிண்டர்கார்டன்களிலும் தேவாலய மண்டபங்களிலும் பிள்ளைகளின் உடுப்புச் சந்தை நடக்கும், வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருகிற கிண்டர்கெல்ட்டுக்கு எழுதிவிட்டீர்களா? உங்கட கடிதத்தில் அதைக் காணவில்லை. 2026 தையிலிருந்து பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. உங்கட அவருக்கு வேலை செய்கிற விசா இருப்பதால் பெரும்பாலும் கிடைக்கும். பிந்தி எழுதினால் பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள். விலாசம் பதிவு செய்த பிறகு பிள்ளைகளின் பெயருக்குத் தபாலில் வந்த வரி இலக்கக் கடிதம் இரண்டையும் தேடி எடுத்து, இந்தக் கிழமையே அந்தக் காசைக் கொடுக்கிற ஃபமிலியன்காஸ்ஸ அலுவலகத்துக்குப் படிவத்தை அனுப்புங்கள்.